கைகோத்த காசு

யாரைச் சந்தித்தாலும் லென்ஸ் அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை, காதைப் பார்க்கிறார். காசில் பக்கவாட்டு முகம்தான் விழும், அதில் கழுத்தறுப்பது காதுதான் என்பது அவர் கட்சி. "மூக்கு எப்படியும் வந்துரும்ப்பா. காதுதான் ஆளக் காட்டிக் கொடுக்கும்."

முப்பத்தொரு வருடமாக நாணயச்சாலையில் எஃகு அச்சு செதுக்குகிறார். காசில் மேடாக வர வேண்டியதை அச்சில் பள்ளமாக, இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். லென்ஸை வலது கண்ணில் மாட்டிவிட்டால் சாப்பாட்டு மணிகூட அவர் காதில் ஏறாது.

பக்கத்து அறையில் காசு அடிக்கும் மிஷின்காரருக்கு அக்கா மேல் பயம் கலந்த பக்தி. ஆற்றின் இரு கரைக்கும் பதினோரு வருடம் நடந்த சண்டை ஓய்ந்து உடன்படிக்கை கையெழுத்தானபோது, நினைவு நாணயத்துக்கு உத்தரவு வந்தது: கோத்த இரண்டு கைகள். வரைவதற்குக் கையை நீட்டி உட்காரத் தலைவர்களுக்கு நேரமில்லை. அக்கா முதல் பேருந்தைப் பிடித்து அக்கரைக்குப் போனார். அத்தனை வருடமாகப் பார்க்காத தங்கையின் கையைத் தன் இடக்கையால் கோத்துப் பிடித்தபடி, வலக்கையால் வரைந்துகொண்டு வந்தார்.

சோதனைக்கு அடித்த முதல் காசு விழுந்ததும் மிஷின்காரர் எடுத்துப் பார்த்தார். ஒரு சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது. அக்காவின் விரலேதான்! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாடே கையில் வைத்துக்கொள்ளப் போகும் காசில் அக்காவும் தங்கையும்! மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

போன மாதம் அக்கரைக்காரர்கள் உடன்படிக்கையிலிருந்து விலகினார்கள். பேருந்தும் நின்றுபோனது. நேற்று மந்திரி அலுவலகத்து அதிகாரி வந்து நின்றார்.

"காசு வெளியிடுற விழாவுக்கு ரெண்டே நாள்தாம்மா இருக்கு. அச்சுல அவங்க கைய மட்டும் சுரண்டி அழிச்சுருங்க. நம்ம கை இருக்கட்டும்."

"முடியாது சார்."

"ஓய்வுக்கு நாலு மாசம்தானே இருக்கு உங்களுக்கு? பென்ஷன் வேணாமா?"

கதவோரம் நின்ற மிஷின்காரர், அக்கா சரி என்று சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று தவித்தார்.

அக்கா அச்சை விளக்குக்கு அடியில் நகர்த்தினார். "பாருங்க சார். நம்ம விரல் நாலும் அந்தக் கைமேலதான் மடங்கியிருக்கு. அதச் சுரண்டுனா இதுக்கு விரலே இருக்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மேலிடத்து உத்தரவு. அழிங்க."

அக்கா லென்ஸைக் கழற்றினார். காதை விட்டுவிட்டு அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு உளியைத் திருப்பி, பிடியை அவர் பக்கமாக நீட்டினார்.