தீவு சிறுத்துக்கொண்டே வந்தது

நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும். உத்தமபாளையம் பள்ளிக்கூடத்தில் இந்த வரியை மனப்பாடம் செய்த எங்களில் யாரும் தீவைப் பார்த்ததில்லை. கடலையே பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "சார், நாலு பக்கமும் நெலம் இருந்து நடுவுல தண்ணி இருந்தா?" என்று கேட்டான். "அதுக்குப் பேரு ஏரி. உக்காருலே" என்றார் வாத்தியார். அவன் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் என் நண்பன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். அவன் கம்பத்துக்குத் தெற்கே தகப்பனார் விட்டுப்போன நஞ்சையில் நெல் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் அலுவலகத்தில் வசதியுள்ள இரண்டொருவர் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்வந்து, தென்னந்தோப்பையும் கடற்கரையையும் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். நான் அதை அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"கொழும்பு எதுக்குலே? நம்ம ஏரியிலேயே தீவு கெடக்கு. கப்பல் காசு மிச்சம்."

அவன் சொன்னது உண்மைதான். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே, குமுளி மலைக்கு அந்தப்புறம், பெரியாற்றை அணை கட்டி மறித்த ஏரி இருக்கிறது. ஏரியில் மூழ்கிய குன்றுகளின் உச்சிகள் அங்கங்கே தீவுகளாக நிற்கின்றன. ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் பக்கம் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வயல்களுக்குப் போகிறது. அந்த ஏரியின் நீர்மட்டம் எங்கள் பத்திரிகையில் தினமும் ஒற்றை வரியாக வரும். மதுரை வாசகருக்கு அது பத்தியின் அடியை நிரப்பும் வரி. கம்பத்தில் பத்திரிகை வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். முந்தின வருஷம் மழை பிந்தி, மதகு பிந்தித் திறந்து, என் நண்பனின் முதல் போகம் நாற்றங்காலிலேயே கருகிப்போயிருந்தது.

இந்த வருஷம் காலத்தில் திறந்துவிட்டார்கள். நாற்றுப் பாவிவிட்டு, நடவுக்கு முன்னால் கிடைக்கும் ஓய்வில் அவன் ஆள் அனுப்பினான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலில் தேனி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கம்பம் போனேன். அவனுடைய ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் காட்டில் மூங்கில் குத்தகை எடுத்திருந்தார். ஏரியில் ஒரு தீவில் அவர் ஆட்கள் போட்ட குடிசை காலியாகக் கிடந்தது. கரையில் ஒரு மூங்கில் தெப்பமும் இருந்தது. "வேல முடிஞ்சு போச்சு. நான் கோட்டயம் போறேன். இருந்துட்டு வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அவர் மலையாளத்துப் பக்கம் போய்விட்டார்.

அரிசி, பருப்பு, கருவாடு, ஒரு சட்டி, ஓர் அரிவாள், இரண்டு கம்பளி. குளிர்காய்ச்சலுக்கென்று கம்பம் தபாலாபீசில் வாங்கிய கொய்னா மாத்திரைப் பொட்டலம் ஒன்று. மலையேறும் எவரும் அது இல்லாமல் ஏறுவதில்லை. அவனுக்கு முந்தின வருஷமே குளிர்காய்ச்சல் வந்து போயிருந்தது. "அது போயிருச்சு" என்றான்.

குமுளி மலையேறி ஏரிக்கரைக்குப் போய், தெப்பத்தைக் கோலால் தள்ளிக்கொண்டு தீவைச் சேர்ந்தோம். தீவு ஒரு கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. புல்லும், மேட்டில் சில மரங்களும், அதற்கடியில் குடிசையும். சுற்றிலும் தண்ணீருக்குள் நின்று செத்த மரங்களின் மொட்டைக் குற்றிகள். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

கரையோரம் ஒரு குற்றி தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நின்றது. நான் தெப்பக் கயிற்றை அதில் இறுக்கிக் கட்டப்போனேன். அவன் தடுத்தான்.

"பேப்பர்க்காரா, புத்தி இருக்கா? மதகு தொறந்துருக்காக. தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். இறுக்கிக் கட்டுனா காலையில தெப்பம் கயித்துல தொங்கும்."

கயிற்றை ஒரு பெரிய வளையமாக முடிந்து குற்றியின் தலைவழியே மாட்டினான். தண்ணீர் இறங்க இறங்க வளையமும் கூடவே கீழே வழுக்கிக்கொண்டு இறங்கும். அழகான ஏற்பாடு. எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த எவனும் அப்படித்தான் மாட்டியிருப்பான். எங்களுக்கு அந்த ஏரி என்பது எங்களை நோக்கி வடிந்துவரும் தண்ணீர். அது நிறைவதை நாங்கள் பத்திரிகையில் படித்திருந்தோம். பார்த்ததில்லை.

முதல் நாட்கள் அவன் சொன்னபடியே நடந்தன. குற்றியில் ஈரத்தடம் இரண்டு விரல் மேலே தெரிந்தது. வளையம் இறங்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். குளித்தோம், கருவாடு சுட்டோம், மல்லாந்து படுத்தோம். எதிர்க்கரைக்கு யானைகள் வந்து தண்ணீர் குடித்தன. ஒரு குட்டி சேற்றில் சறுக்கி விழுந்தபோது அவன் எழுந்து நின்று கைதட்டினான். நடு ஏரியில், வெகுதூரத்தில், அணைக்குப் போகும் மோட்டார் படகு ஒரு கோடுபோலப் போயிற்று. "கொழும்புக்காரன் பாத்தா பொறாமப்படுவான்" என்றான்.

பிறகு மழை வந்தது. எங்கள் ஊர் மழை வந்தால் போய்விடும். இது போகவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் கூரை இரைந்துகொண்டே இருந்தது. அவன் வாசலில் குந்தி, கையை நீட்டி நனைத்துக்கொண்டு, "பேயட்டும், பேயட்டும்" என்றான்.

விடிந்து கரைக்குப் போனேன். குற்றியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரே மட்டமாகக் கிடந்தது. மூழ்கிய குற்றியின் தலைவழியே வளையம் கழன்று, காற்று தெப்பத்தை இழுத்துப்போயிருக்கிறது. ஏரியின் மறுபுறம் புகைபோன்ற மழைக்குள் எதுவும் தெரியவில்லை.

அவன் வந்து பார்த்தான். முதலில் சொன்னது இதுதான்: "ஒரே ராத்திரியில ஒரு முழத்துக்கு மேலயாலே ஏறிருக்கு!" அதில் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகுதான் தெப்பம் ஞாபகம் வந்தது. "இறங்கிரும்லே. மதகு தொறந்துதான கெடக்கு."

அவன் யோசனைப்படி கரையில் ஒரு குச்சி நட்டேன், தண்ணீர் இறங்குவதைப் பார்க்க. அன்று மத்தியானமே குச்சியைப் பிடுங்கி மேலே நட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் அவனுக்கு நடுக்கம் கண்டது. பல் அடித்துக்கொண்டது. இரண்டு கம்பளியையும் போர்த்தி மேலே நான் படுத்துக்கொண்டேன். அப்படியும் அவனோடு சேர்ந்து நானும் குலுங்கினேன். பிறகு நெருப்பாகக் கொதித்தான். பிறகு வேர்த்து ஓய்ந்தான். மறுநாள் நன்றாக எழுந்து கஞ்சி கேட்டான். அதற்கு மறுநாள் மறுபடி நடுக்கம். கொய்னா இரண்டு நடுக்கத்துக்குத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்திருக்க ஆகும் நேரம் கூடியது. கண்ணின் வெண்மை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை நடுக்கத்தை அந்த உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. வேறு கேள்வி எதுவும் அந்தத் தீவில் இல்லை.

செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றியவற்றைச் செய்தேன். குடிசையின் ஒரு பக்கத்துக் கால்களைப் பிடுங்கிக் கட்டி மிதக்கவிட்டேன். அவை ஈட்டிமரமோ என்னவோ, கல்போல மூழ்கின. மூங்கில் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. குத்தகைக்காரர் சுத்தமாக வெட்டிக்கொண்டு போயிருந்தார். நீந்திப் பார்த்தேன். கிணற்றில் கற்ற நீச்சல். பாதியில், தண்ணீருக்கடியில் நின்ற ஒரு கிளை தொடையைக் கிழித்தது. திரும்பிவிட்டேன். ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. அந்தப் புகையும் மழை மேகத்தோடு சேர்ந்துகொண்டது.

ஒரு காலை மழை சற்று விட்டபோது மோட்டார் படகு வந்தது. அதே தூரத்தில். நான் வேட்டியை அவிழ்த்து, மேட்டில் நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசினேன். கத்தினேன். படகின் கூரைக்கடியில் ஒருவர் எழுந்து நின்றார். கையிலிருந்த குடையை உயர்த்தி, உற்சாகமாக ஆட்டினார். பக்கத்திலிருந்தவரும் கை ஆட்டினார். படகு போய்விட்டது.

குடிசைக்குள் வந்தபோது அவன் கண்ணைத் திறந்து கேட்டான்: "வந்தாகளா?"

"கை காட்டிட்டுப் போயிட்டாக."

அவன் சிரிக்க முயன்றான். "மரியாத தெரிஞ்ச மனுசங்கலே." பிறகு, தினமும் கேட்பதைக் கேட்டான். "எம்புட்டு ஏறிருக்கு?"

தினமும் அதைத்தான் கேட்டான். குச்சி எங்கே நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டும். முதலில் குளித்த இடம் போய்விட்டது, கருவாடு சுட்ட கல் போய்விட்டது, புல்வெளி பாதி போய்விட்டது என்று நான் சொல்லச் சொல்ல அவன் முகம் தெளியும். அவன் மனசில் தீவு இல்லை. கீழே நாற்று இருந்தது. எனக்கோ கரை ஒவ்வொரு காலையும் குடிசைப் பக்கம் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவனுக்கு ஆறுதலாக இருக்குமென்று, "நின்னுருச்சு மாப்ள. இறங்குது. சீக்கிரம் போயிரலாம்" என்றேன். அவன் முழங்கையை ஊன்றி எழ முயன்றான். முகம் விழுந்துவிட்டது.

"இறங்குதா? அடப்பாவி... போன வருசம் மாதிரியே ஆயிருமேலே."

"இல்ல. ஏறுது. சும்மா சொன்னேன்."

"சத்தியமா?"

"சத்தியமா ஏறுது."

படுத்துக்கொண்டான். அதன்பின் நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. மழை நிற்க வேண்டும் என்று அவனுக்குக் கேட்காமல் வேண்டிக்கொண்டேன். அதே மழையை அவன் வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தான்.

அரிசி தீரும் தறுவாயில், அவன் என்னை அடையாளம் தெரியாமல் "ஆத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், மோட்டார் சத்தம் கேட்டது. கிட்டத்தில். வெளியே ஓடினேன். படகு தீவை ஒட்டி, நாங்கள் தெப்பம் கட்டிய இடத்தின் மேலாகவே வந்துகொண்டிருந்தது. நான் வேட்டியை வீசவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அதற்குக் குறுக்கே நின்றேன்.

படகோட்டி கூடலூர்க்காரர். இஞ்சினை நிறுத்திவிட்டுத் திட்டினார். "சாகுறதுக்கு வேற எடமில்லையா உமக்கு?" குடிசைக்குள் வந்து பார்த்ததும் அவனருகே குனிந்தார். நான் தலைப்பக்கமும் அவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

படகு கிளம்பியதும் கேட்டேன்: "அன்னைக்கு வேட்டிய வீசுனேனே, ஏன் வரலை?"

"நீங்க கை காட்டுனீக, நாங்களும் காட்டுனோம். முன்னாடி பாத்தப்ப ரெண்டு பேரு ரசிச்சுக்கிட்டுருந்தீக, வெள்ளக்காரத் தொர மாதிரி." சுக்கானைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "வந்துருந்தாலும் கிட்ட வந்துருக்க முடியாது. இங்கன பூராம் மரக்குத்தி. அடிச்சா படகு கிழிஞ்சுரும். தண்ணி இம்புட்டு ஏறுன பொறகுதான் குத்தி முங்கும். அப்புறந்தான் இந்தக் குறுக்கு வழியில வருவோம்."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் இதைக் கேட்கும் நிலையில் இல்லை.

குமுளியிலிருந்து வண்டி பிடித்து மலையிறங்கினோம். அடிவாரத்தில், சுரங்கத்தண்ணீர் மேலிருந்து விழும் இரைச்சல் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் கண்ணைத் திறந்தான்.

"நம்ம தண்ணியா?"

"நம்ம தண்ணிதான்."

"வண்டிய நிறுத்தச் சொல்லு. ஒரு கை அள்ளிக்கிறேன்."

அதற்குள் நடுக்கம் தொடங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. வண்டியின் குலுக்கல் எது, அவன் உடம்பின் குலுக்கல் எது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பத்தில் டாக்டர், இது தீவில் பிடித்ததல்ல, கீழிருந்தே கொண்டுபோன காய்ச்சல் என்றார். உயிருக்குப் பயமில்லை என்று அவர் சொல்லச் சில நாட்கள் ஆயின. மண்ணீரல் வீங்கிவிட்டது, காய்ச்சல் முழுசாக விட்டுப்போகாது, ஒவ்வொரு மழைக்கும் எட்டிப் பார்க்கும் என்றும் சொன்னார். அப்படியேதான் நடந்தது. அந்த வருஷம் அவனுக்கு இரண்டு போகமும் நன்றாக விளைந்தது. நடவுக்கு அவன் வயலில் இறங்கவில்லை. கட்டிலிலிருந்தபடி, வருகிறவர்களிடமெல்லாம் பயிர் எப்படி என்று கேட்டான்.

என் விடுப்பு முடிந்திருந்தது. நான் கிளம்பும் நாளில் அவனுடைய அடுத்த நடுக்கம் வரவேண்டிய நேரம். "நீ போலே. பேப்பர்ல மட்டத்தை ஒழுங்காப் போடு. போன மாசம் ஒருநா விட்டுப்போச்சு" என்றான்.

அவன் வீடு பஸ் போகும் ரஸ்தாவிலேயே இருக்கிறது. கட்டிலை வாசலில் இழுத்துப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ் வீட்டைத் தாண்டியபோது அவன் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினான். ஒரு கை அல்ல, இரண்டு கையும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். பஸ் போய்க்கொண்டிருந்தது.