சின்ன மாத்திரையும் நல்ல ரிப்போர்ட்டும்

ரத்தம் எடுக்கும் தொழிலில் ஊசியைவிட அதிகமாகக் குத்துவது வாடிக்கையாளரின் பார்வைதான். ஆம்பூர் லேபில் நான் படும் பாட்டை, கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வெளிச்சத்தில் குழாய்

இக்பால் பாய் பேரணாம்பட்டு டேனரியில் செலக்டர். தோலைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடி, தரம் பிரிப்பதே வேலை. டி.பி. மாத்திரை ஈரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க மாதாமாதம் எங்களிடம் வருவார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். "இது புதுசா, கழுவினதா?"

நல்ல ரிப்போர்ட்

மூன்றாம் மாதம் வாந்தியோடு வந்தார். ஈரல் நொந்தால் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் ரத்தத்தில் கசியும். அவருக்கோ நார்மல். நார்மல் என்றால் மாத்திரையைத் தொடரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்குதான் மேடம் உங்க லேப் மேல நம்பிக்கை வந்துது."

பிரிக்காத அட்டை

அதே ரிப்போர்ட்டில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் ஏறியிருந்தது. அது ஏறியிருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக நிற்கும்? அவரை உட்காரவைத்து மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தேன். பி6 வைட்டமின் அட்டை பிரிக்கப்படவே இல்லை.

எஸ்.ஜி.பி.டி. ஓர் அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி இன்னொரு அமிலத்துக்குக் கைமாற்றும். கழற்றியதை நடுவில் தாங்குவது, பி6 தரும் கோஎன்சைம். டிராலி இல்லாவிட்டால் டேனரியில் ஆட்கள் தோலை நகர்த்த முடியாமல் நிற்பார்களே, அப்படித்தான். எங்கள் டெஸ்ட் ஆட்களை எண்ணுவதில்லை, நடக்கும் வேலையைத்தான் அளக்கிறது; பி6 இல்லாவிட்டால் என்சைம் எவ்வளவு கசிந்தாலும் எண் ஏறாது. டி.பி. மாத்திரை பி6-ஐக் குறைத்துவிடும் என்பதால்தான் அந்த வைட்டமினையும் எழுதுகிறார்கள். பாய் அலட்டிக்கொள்ளவில்லை. "இத்துனூண்டு மாத்திரை இன்னா பண்ணும்? கமிஷனுக்கு எழுதறது. ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

ஒரே ரத்தம்

கோஎன்சைம் சேர்த்த டெஸ்ட் கிட்டில் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். எண் எகிறியது. இத்தனை நாள் அது சேராத மலிவு கிட்டை நம்பியிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன், அன்றைக்கே டி.பி. மாத்திரையை நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நாள் தின்றிருந்தால் ஈரலே போயிருக்கும் என்றார்.

ஒரே ரத்தத்துக்கு இரண்டு நம்பரா என்று பாய் மறுநாளே வேலூரில் கோஎன்சைம் கிட்டையே பயன்படுத்தும் வேறு லேபுக்குப் போனார். ஒரு வாரம் கழித்து, வாந்தி நின்று, தெளிந்த முகத்தோடு வந்து கவுன்ட்டரில் சாய்ந்தார். "அங்கயும் ஜாஸ்தின்னுதான் சொன்னாங்க. நீங்க போன் பண்ணி சொல்லி வச்சீங்களா?"

எல்லோரையும் சந்தேகிக்கிற ஒருவர் திடீரென்று நம்மை நம்பிவிட்டால், தோழர்களே, முதல் வேலையாக மெஷினை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.