ஆறாம் அறையில் இன்னும் ஒரு நாள்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரப்போவதில்லை. நடந்தது என் அக்காவுக்கும் அத்தானுக்கும். அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது; சீட்டாடும்போதுகூட நல்ல சீட்டு வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் சொன்னதை, சொன்ன நேரங்களோடு, அப்படியே எழுதுகிறேன்.

அத்தான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் தேய்க்கிற இயந்திரம், அதன் முன்னால் அவர். இருபத்திரண்டு வருஷமாக அப்படி உட்கார்ந்திருந்தவருக்குப் போன வருஷம் முதலாளி ஒரு மாத விடுப்பு கொடுத்தார். அன்றே அக்கா முடிவு செய்துவிட்டாள். காரை எடுத்துக்கொண்டு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை, நாட்டைக் குறுக்கே கடந்து போவது என்று.

"தேதி போடக் கூடாது. ரூம் புக் பண்ணக் கூடாது. பிடிச்ச இடத்துல இருப்போம், பிடிக்கலைன்னா கிளம்பிடுவோம்."

"எங்கெங்க நிக்கிறது?"

"நாலு பேரைக் கேளுங்க. யோசனை சொல்றதுக்கு யாருக்காவது வாய் வலிக்குமா?"

கேட்பதற்கு அத்தானிடம் நல்ல வழி இருந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படிக்கிற கண்ணாடி வாங்க வருபவர், அதைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிப் பார்க்க வேண்டும். கீழே தன் ரசீது எண்ணையும் எழுத வேண்டும். வரி கோணிக்கொண்டு போனால் அத்தான் லென்ஸைத் திருத்தித் தருவார். எல்லாரும் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தான் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'நாங்கள் எங்கே போகலாம்?' என்று எழுதி வைத்தார். அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் நாற்பது இடங்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர் அருவிக்குப் போ என்று எழுதினார். அடுத்தவர், அந்த அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று எழுதினார்.

அக்காவுக்குக் கழுகுக் கண். நாற்பத்தாறு வயதிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். "கட்டிக்கிட்டது கண்ணாடிக்காரரை. போட்டுக்கத்தான் குடுத்து வைக்கல" என்று பீற்றிக்கொள்வாள். அத்தான் காரை ஓட்ட, அவள் நோட்டை மடியில் வைத்துப் படித்து வழி சொல்வதாக ஏற்பாடு. கிளம்பும்போது எனக்கு ஃபோன் செய்தாள்.

"டேய் குண்டா, செடிக்குத் தண்ணி ஊத்து. வாடிப்போச்சுன்னா வந்து உன்னைத் தொலைச்சிடுவேன்."

நாலாம் நாள் அக்கா ஒரு பக்கத்தைப் படித்தாள். வலது பக்கம் சாய்ந்த எழுத்து. 'ஏரிக்கரை விடுதி. ஆறாம் எண் அறை. ஜன்னலோர நாற்காலியில் உட்காருங்கள். அவசரமில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கலாம்.' கீழே 1147.

எழுதியவர் முகம் அத்தானுக்கு ஞாபகம் வரவில்லை. நாற்பது பேரில் யாரோ ஒருவர் என்று விட்டுவிட்டார். மற்ற எண்கள் எல்லாம் மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

மாலை 5:10க்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுத்தமான அறை. வெள்ளை விரிப்பு. ஜன்னலோரம் மர நாற்காலி, வெளியே ஏரி. அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் அதில் போய் உட்கார்ந்தாள். 5:50க்கு அத்தானுக்கு ஒரு சத்தம் கேட்டது.

டப்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூடுகிற சத்தம். தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம் அவருக்குத் தெரியாதா? ஆனால் அந்த அறையில் மூக்குக்கண்ணாடியும் இல்லை, கூடும் இல்லை. வேலை ஞாபகம் விடமாட்டேன் என்கிறதே என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டார்.

மறுநாள் காலை 9 மணிக்கு அத்தான் பெட்டியைக் கட்டினார்.

"இன்னும் ஒரு நாள் இருக்கலாங்க" என்றாள் அக்கா. தேதி போடாத பயணம்தானே. அத்தான் பெட்டியை அவிழ்த்தார்.

அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். இப்போது அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அத்தான் அறுந்த பொத்தானைத் தைக்கக் கொடுத்தார். ஊசிக் காதைத் தேடி நூல் நாலு தடவை தவறியது. சாப்பாட்டுப் பட்டியலைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

தினமும் சரியாக 5:50க்கு... டப்.

"கிளம்பு. உடனே கிளம்பு" என்றார் ஐந்தாம் நாள்.

"எங்க போகணும்? யாரு காத்துக்கிட்டிருக்கா?"

எங்கேயும் அறை சொல்லி வைக்கவில்லை. யாரிடமும் தேதி சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்தார். பிடித்து வைத்த சிலை மாதிரி இருந்தாள். அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள். மாலை 5:50.

டப்.

இந்த முறை அது மூடுகிற சத்தம் இல்லை. திறக்கிற சத்தம்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது.

அந்த முகத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தது...

திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை.



6:20. அக்கா தானாக எழுந்தாள்.

"போலாங்க. முடிஞ்சிடுச்சு."

அத்தான் அந்த நிமிஷம் சந்தோஷப்பட்டாராம். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தார். வலது கண் இரண்டே முக்கால். இடது கண் நாலே கால். இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் அபூர்வம். இதே கணக்கில் எப்போதோ லென்ஸ் தேய்த்த ஞாபகம் அவருக்கு வந்தது. பழைய ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார்.

எண் 1147. இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

யாரும் வாங்க வராத கண்ணாடிகளுக்கு என்று ஒரு இழுப்பறை இருக்கிறது. அதில் அந்த எண் போட்ட உறை இருந்தது. லென்ஸின் நடுவில் அத்தான் வைக்கிற சிவப்புப் புள்ளிகூட அப்படியே இருந்தது. கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போதுதான் அதைத் துடைப்பார். உறைமேல் முதலாளியின் குறிப்பு: 'ஏரிக்குப் போகிறார். திரும்பி வந்து வாங்கிக்கொள்வார்.'

அத்தான் விடுதிக்கு ஃபோன் செய்தார்.

"ஆமா சார், ரெண்டு வருஷம் இருக்கும். அந்தம்மா தனியாத்தான் வந்தாங்க. ஆறாம் நம்பர். தினமும் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு சொன்னாங்க. ஆறாவது நாள் சாயங்காலம் நாற்காலியிலேயே உயிர் போயிருந்துச்சு. ஆறு இருபதுக்குப் பார்த்தோம்."

அத்தானின் நோட்டோ, பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் வாங்கியது.

அத்தான் புள்ளியைத் துடைத்துக் கண்ணாடியை அக்காவுக்கு மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அக்காவே கையை நீட்டினாள்.

"நோட்டைக் குடுங்க. எழுதிப் பார்க்கணும்ல?"

சாய்ந்த எழுத்தில் எழுதினாள். 'வீடு நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு நாள் இருக்கலாம்.' கீழே, யாரும் சொல்லாமலே, 1147.

டாக்டர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்கிறார்கள். நேற்றும் நான் போயிருந்தேன். கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடி வழியாகச் சிரித்தாள்.

"வாங்க தம்பி. உட்காருங்க."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பயணம் வரைக்கும் அவள் வாயில் 'டேய் குண்டா' தவிர வேறு கேட்டதில்லை. அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு ஆண்கள் இருந்து என்ன பிரயோசனம்?

வாசலில் இருக்கும் செடிகளை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்தான் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். அக்கா வந்தால் கேட்பாள்.