கொதிக்கவைத்த தண்ணீர்

முன்கதவை டெலோரஸ் தட்டுவதே இல்லை. வண்டியை மாட்டுக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தி, நாயைப் பெயர் சொல்லி அதட்டிவிட்டு, சேறு காய்ந்த பூட்ஸுகள் கிடக்கும் பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் வந்துவிடுவாள். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளில் முன்கதவைத் தட்டுகிறவன் எதையாவது விற்க வந்திருப்பான், இல்லாவிட்டால் யாரோ செத்த செய்தி கொண்டுவந்திருப்பான். பாதி வீடுகளில் அந்தக் கதவு உப்பிப்போய்த் திறக்கவே திறக்காது.

மாவட்டச் சுகாதாரத் துறையின் நர்ஸ் அவள். அறுபது தாண்டியாயிற்று. தோள் அகலம், குரல் அதைவிட அகலம். கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். அதில் கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிகள். அடையாள அட்டை கைப்பையின் அடியில் எங்கோ கிடக்கும். "அட்டையக் காட்டினா நாய அவுத்து விடுவாங்க. தட்டக் காட்டினா காப்பி போடுவாங்க" என்பாள்.

ஊசி போடுவது, பிள்ளை பெற்றவளைப் போய்ப் பார்ப்பது, சர்க்கரைக்காரர்களின் கால்புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவள் வேலை. அதோடு கிணற்றுத் தண்ணீரும். ஊர்க் குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பண்ணைக் கிணறு அப்படியில்லை, அது சொந்தக்காரனுடையது. சோதிக்கிறாயா என்று அவனைக் கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சோளத்துக்குப் போடுகிற உரம் மண்ணுக்குள் இறங்கி, நைட்ரேட்டாகக் கிணற்றில் சேருகிறது. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீரில் கலந்த புட்டிப்பாலைக் கைக்குழந்தை குடித்தால், அதன் இரத்தத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும். உடம்பு நீலம் பாரிக்கும்.

இலவசமாகச் சோதித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை மாவட்டக் குழு போன வருடம் நிறுத்திவிட்டது. 'அரசாங்கத்துக்கு எங்கள் சமையலறையில் என்ன வேலை' என்று ஒருவர் கேட்டபோது கூட்டம் கைதட்டியது. நிறுத்தச் சொல்லிக் கை தூக்கியவர்களில் டெலோரஸின் சொந்தத் தம்பியும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் வாத்துக்கறி சாப்பிடுகிறாள். "சாப்பிடறப்போ அதப் பேச மாட்டேன். வாத்து என்ன பாவம் பண்ணிச்சு."

எமில் வோண்ட்ரா அவளோடு பள்ளியில் படித்தவர். மகன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மருமகள் கெல்சியும் கைக்குழந்தை நோராவும் எமிலோடு பண்ணையில் இருக்கிறார்கள். கிணற்றைச் சோதிக்கலாமா என்று டெலோரஸ் கேட்டபோதெல்லாம் எமில் மாட்டேன் என்றே சொல்லியிருந்தார். விதைப்பு முடிந்த ஒரு மே மாதக் காலையில் அவள் மறுபடி போனாள்.

"வந்துட்டியா கவர்மெண்டு," என்றார் எமில், தன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னைக்கு எதுக்கு வரி?"

"மூச்சுக்கு. நீ விடறது ரொம்ப ஜாஸ்தியாம்."

"கிணத்தப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. எங்கப்பா தோண்டினது. அன்னையிலேருந்து குடிக்கிறோம், எவனும் சாகல."

"உங்கப்பா செத்துட்டாரே."

"தொண்ணூறு வயசுல, டிராக்டர்லேருந்து விழுந்து. அதுக்கும் தண்ணிதான் காரணமா?"

அப்போது கெல்சி குழந்தையோடு வந்தாள். டெலோரஸ் தட்டை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டைச் சுற்றி ஈயத்தின் நீலச் சாம்பல் நிறம்.

"எப்போலேருந்து இப்படி?"

"ரெண்டு மூணு நாளா. குளிருன்னு நெனச்சேன். பால் குடிக்கறப்பவே சோர்ந்து தூங்கிடறா."

"பால எந்தத் தண்ணில கலக்கற?"

"கிணத்துத் தண்ணிதான். ஆனா சும்மா இல்ல. நல்லாக் கொதிக்கவெச்சு, ஆறவெச்சு, மறுபடி கொதிக்கவெச்சு." கெல்சியின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "வெள்ளம் வந்தப்போ சர்ச் ஹால்ல நீங்கதானே சொன்னீங்க, கொதிக்கவைக்காம ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதீங்கன்னு. மாமா சிரிப்பாரு. நான் ஒரு நாளும் விட்டதில்ல."

சொன்னதுதான். வெள்ளத்தின்போது அது சரியான யோசனை. கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, தண்ணீர் ஆவியாகப் போகப்போக, மிஞ்சியதில் கெட்டிப்படும். அன்று அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேலிடம் சொல்லச் சொன்னதில் அது இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

டெலோரஸ் விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. "குழந்தையோட கார் சீட்ட என் வண்டில மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"அது வர்றதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடலாம்."

எமில் எழுந்து நின்றார். "என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்." டெலோரஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சோதனைப் பட்டையை எடுத்து, அடுப்பில் இருந்த கெட்டிலில் நனைத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வீட்டுத் தண்ணீரைக்கூட அவள் கேட்காமல் தொட்டதில்லை. "வெள்ளையாவே இருந்தா தண்ணி சுத்தம். சிவக்கச் சிவக்க விஷம். உக்காந்து பாத்துக்கிட்டு இரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் நரம்பில் ஏற்றிய மருந்தும் நீல நிறம். கெல்சி அதைப் பார்த்துப் பயந்துபோனாள். "நிறத்தப் பாக்காத, குழந்தையப் பாரு," என்று டெலோரஸ் அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். மத்தியானத்துக்குள் உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

எமில் தன் வண்டியில் வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அந்தப் பட்டை செக்கச்செவேல்னு ஆயிடுச்சு," என்றார். "இனி கிணத்த மூடிடுவீங்களா?"

"எங்களால முடியாது எமில். அதுக்குச் சட்டம் கிடையாது. குழந்தைக்குக் கடைத் தண்ணி வாங்கு. நீ எதை வேணா குடி."

"என்னக் கேக்காமத் தொட்டுட்டியே."

"கேட்டா மாட்டேன்னிருப்ப."

அவர் ஆமென்று தலையாட்டினார். கெல்சிதான் அழ ஆரம்பித்தாள். "என் கையால நானே ஊத்திக் கொடுத்திருக்கேன்."

"நீ சொன்னதச் செஞ்ச," என்றாள் டெலோரஸ். "சொன்னது நான். மூக்கத் துடை."

பிறகு கட்டில் பக்கம் குனிந்து, நோராவின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகத்தில் உடனே சிவப்பு ஓடி வந்தது. ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு தரம் அழுத்தினால் போதும். அவள் அடுத்த விரலை அழுத்தினாள், அப்புறம் அதற்கு அடுத்ததை.