அசல் மட்கார்டு

ராய்ஸ் ஹேடிக்ஸுக்குக் கார்தான் உயிர், மனுஷர்கள் அப்புறம்தான் என்பது கார்வின் என்கிற அந்த ஊருக்கே தெரியும். எழுபத்து நாலில் ஒரு அக்டோபர் சாயங்காலம், ஆலை வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்த டுவைட் ஸ்டட்ஸைக் கேரி மேப்ரியின் கார் அடித்துத் தூக்கியெறிந்தது. சேதி சாப்பாட்டுக் கடைக்கு வந்தபோது எல்லோரும் "பையன் பிழைச்சானா?" என்று பதறினார்கள். டுவைட்டோடு ஒரே பெஞ்சில் படித்த ராய்ஸ் கேட்டது வேறு.

"காருக்கு ரொம்ப அடியா?"

பையன் பிழைக்கவில்லை. காருக்கு வலப்பக்க மட்கார்டில் ஒரு டொக்கு, அவ்வளவுதான். கேரியின் அப்பா ஊரில் தானியக் கிடங்கு முதலாளி. பையன் இருட்டில் கறுப்புச் சட்டை போட்டு நடந்ததுதான் தப்பு என்று பேசி முடித்துவிட்டார்கள். வெட்கமில்லாமல்தான் பேசி முடித்தார்கள். காரைக் கொட்டகைக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

அது லேசுப்பட்ட கார் இல்லை. எழுபதாம் வருஷத்து டாட்ஜ் சேலஞ்சர். கத்தரிப்பூ நிறம், இருப்பதிலேயே பெரிய எஞ்சின், கையால் மாற்றும் கியர். இந்த மூன்றும் கூடி வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராய்ஸோ ஆலங்கட்டி மழையில் நசுங்கிய அடுத்தவன் வண்டிகளுக்கு டிங்கரிங் பார்த்தே காலம் தள்ளியவன். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு ஒரு விஸ்கி பாட்டிலோடு மேப்ரி வீட்டுக் கதவைத் தட்டுவான். "விக்கிறதா இல்ல" என்பான் கேரி, பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு. ராய்ஸின் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, இரும்போடேயே குடித்தனம் நடத்திக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போனதையே அவன் தாமதமாகத்தான் கவனித்தான் என்று ஊரில் பேச்சு. கடைசியில் கேரி ஈரல் கெட்டுச் செத்தான். அவன் தங்கை காரை ராய்ஸுக்கு விற்றாள்.

சீட்டுக்குள் எலிக் குடும்பம். பெட்ரோல் டாங்கி துருவேறி ஓட்டை. எஞ்சின் இறுகிப்போய் அசைய மறுத்தது. ராய்ஸ் சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாள்கணக்கில் அசைத்து அசைத்து இளக்கினான். பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்துப் போட்டான். மட்கார்டுக்கு வந்தபோதுதான் வம்பு. உதிரிபாகக் கடை லானி அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சிநேகிதன்.

"புதுசு வரவழைச்சுத் தரேன்டா, மாட்டிக்கோ. அந்த டொக்குல கை வெக்காத. நல்லாயில்ல."

"அது அசல் மட்கார்டுடா! காரோட பொறந்தது. அதைக் கழட்டிப் போட்டா இது வேற காரு."

"செத்தவன் உன்கூடப் படிச்சவன்டா."

"அதுக்கு மட்கார்டு என்ன பண்ணும்?"

ராய்ஸ் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, உள்ளிருந்து தட்டித் தட்டி அந்தக் குழியை நிமிர்த்தினான். பள்ளத்தை அடைக்கிற பட்டிப் பசை ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, ஆள் வேலைக்காரன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் அவனுக்கு ஒரே ஆசை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் வண்டியாகப் போகவேண்டும், ஊரே வாயைப் பிளக்கவேண்டும். ஊர்வலத்தை நடத்துவது லானிதான்.

"ஊர்வலம் வெர்னா வீட்டு வழியாத்தான் போவுது. அந்தம்மா சரின்னா முதல் வண்டி உன்னுது. இல்லேன்னா உன் பட்டறைக்குள்ளயே சுத்திச் சுத்தி வா."

வெர்னா, டுவைட்டின் அம்மா. எண்பதை நெருங்கியிருந்தாள். ராய்ஸ் போனபோது வாசற்படியில் உட்கார்ந்து, சுத்தியலால் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மொதல்ல நான் வண்டியப் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் பட்டறைக்கு வந்தாள். காரை ஒருதரம் சுற்றிவிட்டு மட்கார்டின் முன் நின்றாள்.

"எங்க பட்டுச்சு?"

ராய்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "தடவிப் பாருங்க மிஸஸ் ஸ்டட்ஸ். கண்டுபுடிச்சிட்டீங்கன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்." வண்டி எடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் அவன் சொல்கிற வார்த்தை அது. அதையே அவளிடமும் சொன்னான் பாவி.

அவள் தடவினாள். உள்ளங்கையால் தடவினாள், பிறகு விரல் நுனிகளால், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மகன் கடைசியாகத் தொட்ட இடத்தை அந்தக் கை தேடியது. கல்நெஞ்சக்காரன்கூட அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். ராய்ஸ் மார்க்குக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்றான்.

"ஒண்ணும் தெரியலயே, ராய்ஸ்."

"தெரியாது!" என்று சிரித்தே விட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இடத்தில் வைத்தான். "இங்கதான். வெளக்குலேர்ந்து ஒரு சாண். என்ன ஆழம்ங்கறீங்க, ஒரு சூப்புக் கிண்ணமே உக்காரும்!"

வெர்னா தன் கையாலேயே சாண் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல வேலை. ஊர்வலத்துல ஓட்டு. என் வீட்டு முன்னாடி மட்டும் மெதுவாப் போ."

ஜூலை நாலு அன்று ராய்ஸ் சட்டைக்குக் கஞ்சிகூடப் போட்டிருந்தான். கத்தரிப்பூ நிறம் வெயிலில் ஜொலித்தது. அந்த உறுமலைக் கேட்டு ஜனங்கள் கைதட்டினார்கள், குழந்தைகள் கொடியாட்டின. தன் புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்த வெர்னா எழுந்து தெருவுக்கு வந்தாள். ராய்ஸ் வண்டியை நிறுத்தியே விட்டான். ஊரறிய இன்னொருதரம் தடவிப் பார்த்துப் பாராட்டப்போகிறாள் என்று நினைத்தான்.

அவள் விளக்கின் விளிம்பில் கட்டைவிரலை ஊன்றிச் சாண் போட்டாள். துண்டுக்குள்ளிருந்து வால்நட் சுத்தியலை எடுத்தாள். ஒரே போடு.

அந்த நேரம் ராய்ஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அவன் பக்கம் நின்றிருக்கும். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். அவன் குதித்து இறங்கி, அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், மட்கார்டின் மேல் விழுந்து அலறினான்.

"ஐயோ, அது அசல் மட்கார்டு! அசல் மட்கார்டு!"

கைதட்டல் நின்றுபோயிற்று. ஊர்வலத்தோடு மைக்கில் பேசிக்கொண்டு வந்த லானி அதைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வெர்னா ராய்ஸின் தோளை விலக்கிவிட்டு, அந்தக் குழிக்குள் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"இப்பக் கைக்குத் தெரியுது" என்றாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே ராய்ஸின் பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் அவனிடம் வண்டி விடுவதில்லை. அவன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.