நண்டுக்கு வந்த பழி

பள்ளிமுனையில் நண்டு விற்கும் எடித், தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் பொறுப்பாள். நண்டைப் பற்றிச் சொன்னால் பொறுக்கமாட்டாள்.

கொரோனாக் காலத்தில் அவளுக்கு இரண்டு நாள் இருமல். மூன்றாம் நாள் கைகாலெல்லாம் தடித்துச் சிவந்து, ஒரே கடி; சொறிந்து மாளவில்லை.

"நண்டு கிரந்திச் சாமானெல்லே அக்கா, தோலில தடிப்பு எழுப்பும், அதுதான் கடிக்குது," என்றாள் பக்கத்து வீட்டு டினோஜா. அன்றே பாதி ஊர் நண்டு வாங்குவதை நிறுத்திவிட்டது.

எடித்துக்கு வந்ததே கோபம்! நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த டொக்டர், கொரோனாதான், சிலருக்கு இப்படித் தோலிலும் காட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தவள், மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் வேலியோரம் நின்று கத்தினாள்:

"டினோஜா, எல்லாருக்கும் சொல்லு! எனக்குக் கொரோனாதான்! என்ர நண்டில ஒரு பிழையும் இல்லை!"