அரத்தில் தேய்த்த ரேம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் ஐந்தாவது படித்தேன். புதியது இல்லை. துறைமுகம் பக்கம் ஒரு ஆபீஸைக் காலி செய்தபோது பழையதையெல்லாம் விற்றார்கள். புதியது வாங்க அப்பாவின் நான்கு மாதச் சம்பளம் வேண்டும். இது அரை மாதச் சம்பளம். மீன்பாடி வண்டியில் ஏற்றி, காலடிப்பேட்டையில் எங்கள் வீடு வரைக்கும் கூடவே சைக்கிள் மிதித்து வந்தார்.

அக்காவுக்காகத்தான். அவள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் மூன்றாம் வருஷம். எங்கள் சொந்தத்தில் பத்தாவதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கடைசியில் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். மருந்துக் கடைக்குப் பில் போடுகிற மாதிரி ஒன்றை மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தாள். காட்டினால் பாஸ். இல்லையென்றால் அம்மாவோடு இறால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

நடுவில் காலேஜில் புதிய சாஃப்ட்வேர் ஒன்றைக் கொடுத்து அதில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் கம்ப்யூட்டர் அதைத் திறக்க முக்கி முனகியது. அக்கா பட்டனைத் தட்டிவிட்டுப் போய், சோறு வடித்துவிட்டு வருவாள். அப்போதும் திறந்திருக்காது.

"ரேம் பத்தல நைனா. இன்னொண்ணு போட்டா ஓடும்" என்றாள்.

அப்பா ஒரு நாள் லீவு போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனார். கடைக்காரர் இரண்டு ரேம் எடுத்து வைத்தார். பச்சையாக, சீப்பு மாதிரி இருந்தன. எங்கள் கம்ப்யூட்டருக்குப் பழைய மாடல்தான் சேரும் என்றார். பழையதன் விலை புதியதைப் போல இரண்டு மடங்கு.

"இன்னாபா, பழசு ஜாஸ்தி, புச்சு கம்மியா? என்னை வச்சி காமெடி பண்றியா?"

"பழச இப்ப யாரும் செய்றதில்ல தலைவரே. கெடைக்கிறதே கஷ்டம்."

"அப்ப புச்சே குடு."

"சேராது தலைவரே. வெட்டு வேற எடத்துல இருக்கும். அப்புறம் எடுத்துனு வந்தா ரிட்டன் கெடையாது."

"சேராத சாமானே கெடையாதுபா. நா பிட்டரு."

அது பெருமைப் பேச்சு இல்லை. அப்பா இருபது வருஷமாகத் திருவொற்றியூர்ப் பட்டறையில் பிட்டர். கப்பலிலிருந்து வருகிற பம்புக்குச் சரியான பாகம் கிடைக்காது. கிடைத்ததை வாங்கித் தேய்த்துச் சேர்ப்பதுதான் அவர் வேலை. சேரவில்லை என்று திருப்பிக் கொடுப்பவனைப் பட்டறையில் மதிக்க மாட்டார்கள்.

புதியதையே வாங்கி வந்தோம். வீட்டில் அக்கா இல்லை, காலேஜ் போயிருந்தாள். அப்பா மூடியைக் கழற்றி ரேமை வைத்துப் பார்த்தார். அதிலிருந்த வெட்டும் உள்ளே இருந்த மேடும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தள்ளி நின்றன.

"இவ்ளோதானா? இதுக்கா அந்தாளு அவ்ளோ பேசுனான்?"

அரத்தை எடுத்தார். ரேமை நான் பிடித்துக்கொண்டேன். அவசரமில்லாமல், பிசிறில்லாமல், புதிதாக ஒரு வெட்டுப் போட்டார். உப்புத்தாளில் தேய்த்து ஊதினார். தங்க நிறத்தில் தூள் பறந்தது. வைத்து அழுத்தினார். அச்சாக உட்கார்ந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். பிறகு கருகல் நாற்றம்.

சாயங்காலம் அக்கா வந்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். தரையில் கிடந்த தூளைப் பார்த்தாள். துடைப்பம் எடுத்துக் கூட்டினாள்.

மறுநாள் ரிப்பேர்காரர் வந்தார். "போர்டு போச்சு. டிஸ்க்கும் போச்சு. இந்த போர்டு இப்ப வர்றதில்ல. புச்சு போட்டா இந்த பிராசசர் சேராது. அத மாத்துனா பவர் பெட்டி சேராது. பேஜாருபா. முழுசா புச்சு ஒண்ணு வாங்கிடு."

அந்த டிஸ்க்கில் இருந்த புராஜெக்டுக்கு வேறு காப்பி கிடையாது. காட்ட வேண்டிய நாளுக்கு எட்டு நாள் இருந்தது.

அப்பா சுவரைப் பார்த்தபடி, "எதுனால போச்சு?" என்றார்.

ரிப்பேர்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "என் தப்புதான் நைனா. நேத்து காலைல சரியா ஆஃப் பண்ணாம காலேஜுக்கு பூட்டேன். சூடாகி பூட்ச்சி."

ரிப்பேர்காரர் அவள் முகத்தையே பார்த்தார். கூலி வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் அக்கா இறால் கம்பெனிக்குப் போனாள். அடுத்த வருஷம் செய்து காட்டலாம் என்றாள் அம்மா. காட்டவில்லை. ஐஸ் தண்ணீரில் உரித்து உரித்து அக்காவின் விரல்கள் வெளுத்துப்போயின. எனக்கு அவள்மேல் கோபம். நான் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவேன், அது போய்விட்டதே என்று.

"ஆஃப் பண்ணவே தெர்ல. நீ படிச்சி இன்னா கிழிச்ச?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி" என்றாள்.

ரேமைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். எல்லாவற்றையும் பார்த்தவளும் நான்தான். ஆனாலும் நம்பினேன். கம்ப்யூட்டர் படித்தவள், அவளுக்குத் தெரியாததா என்று. அப்பாவும் நம்பிவிட்டார் என்று நினைத்தேன். ரிப்பேர்காரர் வந்துபோன அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அதையும் நம்பினேன்.